சனிச் சொல் சபை ஏறாது

செவ்வாய்க் கிரகத்துச் செம்மண்பாக்கத்தில், சனிக்கிழமை மாலை ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஊரே முற்றத்தில் கூடி வலது விலாவுக்குக் கீழே கைவைத்தபடி நிற்கும். கொடியேற்றத்துக்குக்கூட அவ்வளவு ஒழுங்காக நிற்காத ஊர். கல்லீரல் இருப்பது அங்கேதான். சரியாக ஐந்துக்குக் கூரையிலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். “அப்பாடா!” என்று கையை எடுத்துவிட்டு, முற்றத்தைச் சுற்றியிருக்கும் மதுக்கூடங்களுக்குள் ஜனம் பாயும். ஈரலுக்கு நான்கு மணி நேர விடுப்பு.

காற்றில்லாத கிரகத்தில் குமிழிக்குள் குடியிருப்பவன் குடித்துவிட்டுத் தப்பான கதவைத் திறந்தால் அவன் மட்டும் போகமாட்டான், தெருவே போய்விடும். ஆகவே குடியேறியவர் ஒவ்வொருவர் ஈரலிலும் அரிசிமணி அளவில் ஒரு கருவியைப் பதித்திருந்தார்கள். ஈரற்காவலன் என்று பெயர். தொண்டை வரை சாராயமாக இறங்குவது காவலனைத் தொட்டதும் தண்ணீராகிவிடும். சனிக்கிழமை மட்டும் வெளிக்கதவுகளைப் பூட்டிச் சாவியை ரோபோக்களிடம் கொடுத்துவிட்டு, பூமி அனுமதித்த அளவுக்குக் காவலனுக்கு ஓய்வு தருவது நகர மன்றத்தின் பெருந்தன்மை.

அதற்கு ஒரு துணைவிதியும் உண்டு. சனிக்கிழமை ஐந்திலிருந்து ஒன்பது வரை பேசிய பேச்சு வேறு கிழமையில் செல்லாது. மேலதிகாரியை நீங்கள் எருமை என்று சொல்லியிருக்கலாம். அந்த எருமையும் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். ஞாயிறு காலையில் இருவரும் ஒன்றும் நடக்காததுபோல் வணக்கம் சொல்லிக்கொள்ள வேண்டியது. ‘சனிச் சொல் சபை ஏறாது’ என்று ஊரில் பழமொழியே வந்துவிட்டது. ஊருக்கு வயது பதினொன்று என்பதால் பழமொழியும் கொஞ்சம் புதுசுதான்.

இந்த ஊரில் மாசிலாமணிக்கு வாய்த்த உத்தியோகத்தைப் பார்த்து வயிறு எரியாதவர்கள் கிடையாது. நகரச் செய்தித்தாளில் ‘இந்த வாரம் போகத்தக்க மதுக்கூடங்கள்’ எழுதுவது அவன் வேலை. அவன் எழுதியதில் சில வரிகள்:

‘துள்ளுகூடம்: பூமியின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இங்கே என்பதால் ஆடுகிறவர்கள் கூரையில் போய் முட்டுவார்கள். புதுசாக மெத்தை அடித்திருக்கிறார்கள். காளான் சுக்கா பிரமாதம்.’

‘கண்ணாடிக் கிணறு: முப்பதடி ஆழத்தில் செம்பாறைக்கு நடுவே உட்காரலாம். வெளிச்சம் குறைவு, காதலர்கள் குறை சொன்னதில்லை. பாசி பக்கோடாவை ஆறவிடாதீர்கள்.’

‘அழுமூலை: பாட்டு கிடையாது. மேஜைக்கு ஒரு துண்டும் ஒரு ரோபோவும் தருவார்கள். “ஆமாப்பா, அதானே” என்பதைத் தவிர அந்த ரோபோவுக்கு எதுவும் பேசத் தெரியாது. ஊரிலேயே எல்லாருக்கும் பிடித்த நண்பன் அதுதான். சுண்டலில் மாங்காய் தூக்கல்.’

கூர்ந்து படித்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார்கள். எட்டு வருடமாக எந்தக் கடையின் சரக்கைப் பற்றியும் அவன் ஒரு வார்த்தை எழுதியதில்லை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது? செவ்வாய்க்கு வந்த நாளிலிருந்து மாசிலாமணிக்குப் போதை ஏறியதே இல்லை. ‘டிங்’ அடிக்கும், எல்லாரோடும் ‘அப்பாடா’ சொல்வான், ஆறு கோப்பை இறக்குவான், ஆறு முறை சிறுநீர் கழிக்கப் போவான். அவ்வளவுதான். அவன் காவலன் மட்டும் லீவே எடுக்காத விசுவாசி.

வெளியே சொல்ல முடியுமா? பல்லில்லாதவன் முறுக்குக்கு மார்க் போடுவதா என்று சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஆகவே மாசிலாமணி நடிக்கக் கற்றுக்கொண்டான். கண்ணை அரைக்கம்பத்தில் இறக்குவதை ஏட்டு கோதண்டத்திடமிருந்தும், சொன்னதையே நாலு தடவை சொல்வதை மன்றத் தலைவரிடமிருந்தும் பார்த்துப் பழகினான். இவ்வளவு பேர் நிஜமாகச் சொக்கிக் கிடக்கும் ஊரில் தான் ஒருவன் மட்டும் தெளிவாக இருக்கிறோமே என்ற வெட்கத்தில் சைட் டிஷ்ஷைத் தின்றான். தின்றதை எழுதினான். ஊர் அதைப் படித்துவிட்டுக் குடிக்கப் போனது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அருள்மலர் விஷயம்தான் பொறுக்க முடியாதது.

அருள்மலர் காற்றழுத்தப் பொறியாளர். தூத்துக்குடிக்காரி, அவனுக்கு எதிர்வீடு. மற்ற நாட்களில் “மாசிலாமணி சார், உங்க வீட்டு அழுத்தம் கொஞ்சம் கூடுதலா இருக்கே” என்று கருவியைப் பார்த்தபடி சொல்வாள். இவனும் “அப்படியா மேடம்” என்று கருவியையே பார்ப்பான். சனிக்கிழமை அவனோடு கடை கடையாக வருவாள். ஏழு மணிக்கு ‘சார்’ போய் ‘மாசி’ ஆகும். எட்டுக்கு ‘டேய்’. எட்டரை மணிக்கு, நாக்கைக் குழறவிட்டு, அவன் கேட்பான்:

“மலரு, என்னைக் கட்டிக்கிறியா?”

“கட்டிக்கிறேன்டா! நாளைக்கே!” என்று மேஜையைத் தட்டிவிட்டு அவன் தோளில் சாய்ந்து அழுவாள்.

ஞாயிறு காலை தண்ணீர்க் குழாயடியில், “வணக்கம் சார்.”

ஆறு வருடத்தில் முந்நூறு சம்மதம் சேர்ந்திருந்தது. முந்நூறும் சனிச் சொல். போதையில் இருக்கும் பெண்ணிடம், போதையில்லாமல் போய்ச் சம்மதம் வாங்குகிறோமே, நாமெல்லாம் ஒரு மனுஷனா என்று ஒவ்வொரு ஞாயிறும் அவன் தன்னைத்தானே திட்டிக்கொள்வான். அடுத்த சனி மறுபடியும் கேட்பான்.

இந்த வாரம் அவளுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. வியாழனின் நிலவான கானிமீடுக்கு. போய்த் திரும்ப ஒன்பது வருடம். திங்கட்கிழமை சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். “போகவா வேணாமான்னு யோசிக்கிறேன் சார்” என்றாள், அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே. “நல்ல வாய்ப்பு மேடம்” என்றான் இந்த மகானுபாவன்.

சனிக்கிழமை மதியம் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். காவலனைப் பழுதுபார்த்து, ஒருமுறையாவது நிஜமாகக் குடிப்பது. நிஜமாகக் குடித்தால் நிஜமான தைரியம் வரும். அதில் ஒரு வாய் அளவாவது ஞாயிறு காலைவரை மிச்சமிருக்கும். அதை வைத்துக் குழாயடியில் கேட்டுவிடலாம். திட்டத்தின் லட்சணம் இது.

ஈரல் பட்டறையில் உமையாள் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஊரின் பதினோராயிரம் காவலன்களுக்கும் அவள் ஒருத்திதான் மெக்கானிக்.

“அக்கா... ஒரு ரகசியம். என் காவலன் ரிப்பேர். லீவே எடுக்க மாட்டேங்குது. எட்டு வருஷமா எனக்கு ஏறவே இல்ல. தயவுசெஞ்சு யார்கிட்டயும்...”

உமையாள் கடலையைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“வந்துட்டீங்களா தம்பி! நீங்க ஒருத்தர்தான் பாக்கி. இன்னும் வரலியேன்னு எனக்கே கவலையா இருந்துச்சு.”

“என்னது?”

“ஊர்ல பச்சப்புள்ளைங்களைத் தள்ளிட்டா எல்லாரும் வந்தாச்சு. தனித்தனியா, முக்காடு போட்டுக்கிட்டு. ‘அக்கா என்னுது மட்டும் ரிப்பேர், வெளிய சொல்லிடாதீங்க.’ ஏட்டய்யா வந்து அழுதாரு. மன்றத் தலைவர் மாறுவேஷத்துல வந்தாரு, மீசையை மாத்தி ஒட்டிக்கிட்டு.”

“அப்ப... எல்லாமே ரிப்பேரா?”

“எதுவுமே ரிப்பேர் இல்ல. லீவு விடறதுக்கு ஒரு கட்டளை வேணும்ல? அதை எழுதறதுக்குள்ள கருவி செஞ்ச கம்பெனியை மூடிட்டுப் போயிட்டாங்க. பூமியில இருக்கறவங்களுக்கு அதுவே தெரியாது. பழைய தலைவர்கிட்ட நான் சொன்னேன். ‘வெளிய சொன்னா ஊரு பத்திக்கும் உமையாள், ஒரு மணியை மட்டும் அடிச்சு வை’ன்னாரு. அடிச்சேன். அதான் உங்க டிங்.”

“வந்தவங்களை என்ன பண்ணீங்க?”

“வயித்துல ரெண்டு தட்டு தட்டி, ‘சரியாயிடுச்சு, போங்க’ன்னு அனுப்பிடுவேன். சரியாகலைன்னு ஒருத்தர்கூட திரும்பி வரல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வருவாங்க? நீங்க கடைசி ஆளு. அதான் உங்ககிட்டயாவது கொட்டிட்டேன். பதினோரு வருஷமா எனக்கும் வயிறு உப்பிப்போச்சு.”

ஏட்டின் அரைக்கம்பக் கண் பொய். தலைவரின் நாலு தடவை பொய். கூரை மெத்தையில் முட்டி முட்டி ஆடியவர்கள் அத்தனை பேரும் தெளிவாக, முழு நினைவோடு, மண்டையில் அடி வாங்கியிருக்கிறார்கள்.

பிறகுதான் அந்த இன்னொரு கணக்கு உறைத்தது.

“எல்லாரும்னா... எதிர்வீட்டு அருள்மலரும்?”

“அந்தப் பொண்ணா? ஆறு வருஷம் முன்னாடியே வந்துட்டுப் போச்சே.”

முந்நூறு சம்மதம்! முந்நூறும் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னவை!

மூன்றில் ஒரு பங்கு எடையில் ஓடுவது எளிதல்ல. நாலடிக்கு ஒருமுறை ஆள் அந்தரத்தில் போய் மிதந்து இறங்குவான். மாசிலாமணி அன்று ஓடினான் என்பதைவிடப் பட்டறையிலிருந்து முற்றம் வரை ஒன்பது தவளைப் பாய்ச்சலில் வந்தான் என்பதே சரி. எதிரே வந்த ஆமாப்பா ரோபோ ஒன்றைத் தாண்டும்போது, “அவளுக்கு என்னைப் பிடிச்சிருக்குய்யா!” என்று கத்தினான். “ஆமாப்பா, அதானே” என்றது அது.

முற்றத்தில் ஊரே விலாவில் கைவைத்து நின்றது. மணி நாலு ஐம்பத்தாறு. கூட்டத்துக்கு நடுவே, அருள்மலருக்கு எதிரே போய் இறங்கினான்.

“மலரு, என்னைக் கட்டிக்கிறியா?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “சார்! மணி இன்னும் அஞ்சாகல. இதெல்லாம் எட்டரைக்குக் கேக்குறது.”

“எட்டரைக்குக் கேட்டா செல்லாது. மலரு, அது வெறும் மணி. ஒரு காவலனும் லீவுல போனதில்ல. இந்த ஊர்ல பதினோரு வருஷமா ஒருத்தருக்கும் ஏறல!”

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டான்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் துணிவில்லாமல் பதினோராயிரம் கண்ஜோடிகள் தரையைத் தேடின. பதினோரு வருடச் சனிக்கிழமைகள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் வரிசையாக எழுந்து நின்றன. கட்டிக்கொண்டு அழுதவை, மன்னிப்புக் கேட்டவை, எருமைகள், முத்தங்கள், ‘உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா’க்கள். அத்தனையும் தெளிவாகச் சொன்னதா?

முதலில் சுதாரித்தவர் ஏட்டு கோதண்டம்.

“தம்பி மதியமே ஏத்திட்டு வந்துருச்சு!” என்றார்.

கூட்டம் மூச்சு விட்டது. “ஆமா ஆமா, கண்ணைப் பாரு!” “வாயெல்லாம் நாத்தம்!” “பாவம், நல்ல மனுஷன்.” மன்றத் தலைவர், “மணிக்கு முன் போதை குற்றம், குற்றம், குற்றம்” என்றவர், மணி இன்னும் அடிக்கவில்லை என்று நினைவு வந்து நாலாவது குற்றத்தை விழுங்கிக்கொண்டார்.

ஏட்டு அருள்மலரிடம் வந்தார். குரல் கெஞ்சியது. “அம்மா, நீங்கதான் சாட்சி. இவரு போதையிலதான இருக்காரு? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எச்சரிச்சு விட்டுடறேன். பேசினது எதுவும் நிக்காது. இல்லைன்னு வைங்க...” அவர் முற்றத்தை ஒருமுறை பார்த்தார். “எல்லாம் நிக்கும்மா. எல்லாருக்கும் நிக்கும்.”

அருள்மலர் கூரைக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் இரண்டு நிமிடம் சும்மா நின்றால் போதும். ‘டிங்’ அடித்துவிடும், என்ன சொன்னாலும் செல்லாது, திங்கட்கிழமை கையெழுத்து, ஒன்பது வருடம்.

“அவரு குடிக்கல” என்றாள். “நானும் குடிக்கல. ஆறு வருஷமா.”

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். “டேய், அப்ப என் பாட்டுக்குக் காத்துக்குழாய் ஊளையே தேவலைன்னு போன மாசம் சொன்னியே, அதுவும் நெசந்தானே?”

“...நெசந்தான் மலரு.”

“அதை அப்புறம் வெச்சுக்கிறேன். கட்டிக்கிறேன்டா. நாளைக்கே.”

மணி நாலு ஐம்பத்தொன்பது. ஊரே பார்த்தது.

அந்த ஒரு நிமிடம் செம்மண்பாக்கத்தின் வரலாற்றில் மிக நீண்டது. யாரோ ஒரு கணவனின் கை, பக்கத்திலிருந்த மனைவியின் கையை நோக்கி அரை அடி போய், பயந்து திரும்பி வந்தது.

டிங்.

“அப்பாடா!” என்று ஊர் அலறியது. மதுக்கூடம் வரைகூட யாரும் போகவில்லை. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாருக்கும் தலைக்கேறிவிட்டது. ஏட்டு கோதண்டம் தள்ளாடி வந்து மாசிலாமணியைக் கட்டிக்கொண்டு, “நீ என் கூடப் பொறக்கலடா, அது ஒண்ணுதான் குறை” என்று தேம்பினார். தலைவர் மணமக்களை நாலு தடவை வாழ்த்தினார். அந்தக் கணவன் மனைவியைத் தூக்கிச் சுற்றியதில் இருவரும் மெத்தை இல்லாத கூரையில் போய் முட்டினார்கள். “இவன் சொன்னதை யாரும் மனசுல வெச்சுக்காதீங்கப்பா, போதை!” என்று யாரோ கத்த, “ஆமா, செம போதை!” என்று ஊர் திருப்பிக் கத்தியது.

ஞாயிறு காலை குழாயடியில் எல்லாரும் எல்லாருக்கும் வணக்கம் சொன்னார்கள். இரண்டு பேர் மட்டும் சொல்லவில்லை. பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தார்கள். கானிமீடுக்கு வேறு பொறியாளர் போனார்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துச் செம்மண்பாக்கத்திலிருந்து பூமிக்கு ஒரு மனு போயிற்று. சனிக்கிழமை விடுப்பு நான்கு மணி நேரம் போதவில்லை, ஆறாக்கித் தர வேண்டும். காரணம் என்ற கட்டத்தில், ‘மனம்விட்டுப் பேச நேரம் பற்றவில்லை’ என்று எழுதியிருந்தது. ஊரில் எழுதத் தெரிந்த அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து அருள்மலருடையது; கல்யாணமாகி அன்றைக்கு ஐம்பத்திரண்டாம் நாள். அதற்கு அடுத்தது, மை காயும் முன்பே போட்டது, மாசிலாமணியுடையது.

பூமியிலிருந்து பதில் வந்தது. அளவுக்கு மிஞ்சிய குடி ஈரலைக் கெடுக்கும் என்று இரண்டு பக்கம் புத்தி சொல்லிவிட்டு, அரை மணி நேரம் மட்டும் கூட்டிக் கொடுத்திருந்தார்கள்.