நாணல் குளத்துச் சாம்பல்

"ஏய்... யாருங்க அது? குளத்துல என்னத்தக் கொட்டுறீங்க?"

கொட்டும் மழையில் நெரிஸ் கத்தினாள். மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து துரு கலந்து வரும் தண்ணீரைச் சுத்தம் செய்ய வெட்டிய நாணல் குளம் அது. எந்தத் துகள் எங்கே படியும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அவள் வேலை. கண்டதையும் கொட்டினால் கோபம் வராதா?

அவன் திரும்பினான். கையில் காலி டப்பா, விளிம்பில் ஒட்டிய சாம்பல். அய்யோ, அந்தக் கண்கள்... மழையிலும் தெரிந்தது, அழுத கண்கள்.

"எங்கப்பா," என்றான்.

அவன் பெயர் எம்லின். அவன் அப்பா அந்தச் சுரங்கத்தில் கரி வெட்டியவர். கரித்தூசி நெஞ்சை அடைத்துச் செத்தார். 'செத்த பிறகாவது இந்தச் சுரங்கத்துத் தண்ணியோட கடலுக்குப் போயிடணும்டா' என்று மகனிடம் கேட்டிருந்தார்.

"போகாதுங்க..." நெரிஸின் வாய் சும்மா இருந்தால்தானே! "தண்ணி மட்டுந்தான் போகும். மத்ததெல்லாம் இங்கேயே தங்கிடும். அடுத்த வாரம் சேறு அள்ளி, லாரில குப்பைமேட்டுக்கு..."

"போதும்! உங்க கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியுமாக்கும்!" விருட்டென்று போய்விட்டான்.

அன்றிரவே நெரிஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அன்றைய மழை, தண்ணீரின் வேகம், சாம்பலின் கனம்... எல்லாம் போட்டுப் பார்த்தாள். சாம்பல் படிந்திருக்கும் இடம் தெரிந்தது: தண்ணீர் நுழையும் வாயை ஒட்டி, இடது மூலை.

சேறு அள்ளும் நாள். இயந்திரம் வருமுன் இடுப்பளவு சேற்றில் இறங்கினாள். வேலியோரம் எம்லின்.

"என்ன பண்றீங்க?"

"உங்கப்பாவத் தேடுறேன்."

வாளி நிறைந்தது. "இதுல அவரு எவ்வளவு, துரு எவ்வளவுன்னு... பிரிக்க முடியாதுங்க."

"அவரு நெஞ்சுல கரியும் அப்படித்தான். டாக்டராலயே பிரிக்க முடியல." வாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பக்கம் நடந்தான்.

குறுக்கே நின்றாள். "ஆத்துல ஊத்தக்கூடாது! இப்பதான் மீனு திரும்பி வந்திருக்கு. எங்கப்பாவா இருந்தாலும் விடமாட்டேன்!"

முதன்முறையாகச் சிரித்தான்... "சரிம்மா தாயே. வேன்ல ஏறுங்க, கடலுக்கே போவோம்."

வாளிச் சேறு கடலில் செம்மஞ்சளாய்க் கொஞ்ச நேரம் மிதந்தது. அலை வந்து கலைத்தது. எம்லின் சத்தமில்லாமல் அழுதான்.

"அன்னிக்கு உண்மையச் சொல்லி நோகடிச்சேன்," என்றாள் நெரிஸ். "இன்னொண்ணு சொல்லவா? சொல்ற நேரமில்ல இது... உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

சேறு காயாத அவள் கையைப் பற்றினான். "இது எங்க போய்ப் படியும்னு கணக்குப் போட்டியா?"

"போடல... பயமா இருக்கு."

"எனக்குந்தான். ஆனா போயிடாத நெரிஸ்... எனக்கு வேற யாருமில்ல."

அவள் போகவில்லை.