ஊமை வண்டியின் கடைசிக் கண்ணி

காலை பத்து மணிக்குள் பதினெட்டுப் பேரைக் கூப்பிட்டு முடித்திருந்தேன். அதில் பதினாறு பேர் குரல்நிழல்கள். உரியவருக்குப் பதிலாக அவர் குரலிலேயே, அவர் பேசும் தோரணையிலேயே பதில் சொல்லும் நிரல்கள். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. திருச்சியிலிருந்து என் அக்கா ஞாயிறுதோறும் கூப்பிடும்போது என்னுடைய நிழல்தான் பேசுகிறது. அவள் பக்கமும் நிழல்தான் பேசுகிறது என்பது என் சந்தேகம். இரண்டும் நன்றாகத்தான் பழகுகின்றன.

கோவை ஆதிப்பொருள் கூடத்தில் நான் தடயர், பழைய பொருட்களின் உடைமையாளர்களைத் தேடுபவள். இப்போதெல்லாம் ஒரு கரண்டி வாங்கினாலும் அதற்குள் நினைவுச் சில்லு இருக்கிறது. யார் செய்தது, யார் வாங்கியது, யார் கைக்குப் போனது என்று அதுவே ஒப்பிக்கும். சில்லு வருவதற்கு முந்தைய பொருட்களை நாங்கள் ஊமைகள் என்போம். எங்காவது ஓர் ஊமை அகப்பட்டால், முதல் உடைமையாளரிலிருந்து கடைசி ஆள்வரை அறுபடாத சங்கிலியைத் தொண்ணூறு நாளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். கிடைத்தால் கூடத்தில் வைத்துக் காப்பார்கள். ஒரு கண்ணி விடுபட்டாலும் பொருள் நசுக்கி எந்திரத்துக்குப் போய்விடும்.

அந்த வண்டி சூலூர்ப் பக்கம் ஒரு கிடங்கை இடித்தபோது அகப்பட்டது. 1970-ஆம் வருடத்து அமெரிக்க மஸல் கார், பெரிய எஞ்சின் பூட்டிய வேக வண்டி. அரசு அகராதி அதைத் ‘தசையுந்து’ என்கிறது. அகராதி எழுதியவர் வீட்டில்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டே கதவு, கட்டில் போல நீளமான முன்பக்கம், துருவுக்கு அடியில் கொஞ்சம் மஞ்சள். மனிதர் வண்டி ஓட்டுவதைத் தடைசெய்து முப்பது வருடம் ஆகிறது. தானோடிகளில் தூங்கிக்கொண்டே போய்ப் பழகிய எனக்கு அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்க்கவே கொஞ்சம் பயமாக இருந்தது.

முதல் இரண்டு கண்ணிகள் சேஸிஸ் எண்ணிலேயே கிடைத்துவிட்டன. டெல்லியிலிருந்த ஒரு தூதரக அதிகாரி கப்பலில் கொண்டுவந்தது. அவர் நாடு திரும்பும்போது கோவையில் ஒரு மில் குடும்பத்துக்கு விற்றிருக்கிறார். மில் குடும்பம் 2018-இல் யாருக்கோ கொடுத்திருக்கிறது. அந்த யாரோதான் எனக்கு வேண்டும்.

எஞ்சின் எண்ணைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் அலைந்தேன். அது பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றிய ஒரு வேனில் போய் நின்றது. அமெரிக்கக் காருக்கும் தேங்காய் வேனுக்கும் என்ன சம்பந்தம்? பதிவில் பிழை என்று முடிவு கட்டி அந்தத் தாளைத் தூக்கி ஓரமாக வைத்தேன். நான் செய்த முதல் முட்டாள்தனம் அது. அந்தக் காலத்து நம் ஊர்க்காரர்கள் பெட்ரோல் குடிக்கும் வண்டிக்கு என்ன செய்வார்கள் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. வண்டி அமெரிக்கா, எஞ்சின் பொள்ளாச்சி. வேனை உடைத்தபோது எஞ்சினை வாங்கியவர் பெயர் அந்தத் தாளின் அடியிலேயே இருந்தது. மருதாசலம், மெக்கானிக், ஒண்டிப்புதூர். எண் இன்னும் உயிரோடு இருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன்.

“ஆருங்க?”

“ஆதிப்பொருள் கூடத்திலிருந்து நிறைமதி பேசறேன். பொள்ளாச்சி வேன் எஞ்சின் ஒண்ணை நீங்க—”

“மஞ்ச வண்டிக்குப் போட்டதுங்களா? வண்டி இருக்குதா? எங்கீங்க இருக்குது? மழையில நிக்கலையே?”

என் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. நிழல்கள் குறுக்கே பேசாது. நாம் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருக்கும். உயிருள்ள ஆள்தான் பாதியில் வெட்டுவார். மருதாசலம் என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடவில்லை. ஆள் கிடைத்துவிட்டார் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“அமெரிக்கா எஞ்சின் லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் குடுத்துதுங்க அம்மிணி. அதைக் கட்டிட்டு மாரடிக்க முடியுமுங்களா? டீசலைத் தூக்கி வெச்சேன். பாத்தவனெல்லாம் சிரிச்சான். நானும் சிரிச்சேன். ஆனா ஒரே மூச்சுல ஊட்டி ஏறுச்சுங்க.”

“நீங்க ஓட்டினீங்களா?”

“பின்னே, மாமனாரா வந்து ஓட்டுவாரு? எனக்கு மாமனாரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வண்டிதான்.”

மில் குடும்பம் 2018-இல் தனக்குத்தான் கொடுத்ததாகவும், தடை வந்தபோது நசுக்கக் கொடுக்க மனமில்லாமல் கிடங்கில் ஒளித்துவைத்ததாகவும் சொன்னார். சங்கிலி பொருந்திவிட்டது. அவர் நேரில் வந்து கைரேகை வைப்பது ஒன்றுதான் பாக்கி. “நாளைக்கு வாரனுங்க” என்றார்.

அவர் வரவில்லை. மறுநாள் ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன். முழங்கால் வலி என்றார். அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, பத்து நாளுக்குப் பிறகு கைரேகைக்காக நான் கூப்பிடவில்லை. என் அலுவலகத்தில் மற்ற நாற்காலிகளில் ஆள் உட்கார்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. நான் பேசும்போது குறுக்கே பேச இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. மதியம் என்ன சாப்பிட்டேன் என்று கேட்பார். பொட்டலச் சோறு என்றால் திட்டுவார். ஒருநாள் திட்டு வாங்குவதற்காகவே பொய் சொன்னேன்.

“அந்த வண்டியை மட்டும் நசுக்க உட்றாதீங்க அம்மிணி” என்றார் ஒருநாள், வழக்கமில்லாத மெல்லிய குரலில். “எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானுங்க.”

“விட மாட்டேன்” என்றேன்.

கெடு முடியப் பத்து நாள் இருக்கும்போது, ரேகைக் கருவியை எடுத்துக்கொண்டு நானே ஒண்டிப்புதூர் போனேன். போகிற வழியில் மல்லிகைப் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவர் வீட்டுக் கேட்டில் பூட்டு துருப்பிடித்திருந்தது. உள்ளே இடுப்பளவு செடி. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நடுவயது ஆள் எட்டிப் பார்த்தார்.

“ஆரைப் பாக்கோணும்?”

“மருதாசலம்ங்கறவரை.”

“அவரு போயி ஆறு வருசமாச்சுங்களே. மயான வண்டி வந்து எடுத்துட்டுப் போச்சு. நீங்க சொந்தமுங்களா?”

“இல்லைங்க. நீங்க யாருக்கும் சொல்லலையா?”

“நான் எப்படிங்க சொல்றது? எனக்கு அவரைத் தெரியாது. பதினோரு வருசமா பக்கத்து வீடு, அவ்வளவுதான்.”

அவர் சொன்னது சட்டப்படி சரி. மயானக் கணக்கில் உடலுக்கு எண் மட்டும்தான் உண்டு, பெயர் கிடையாது. ஒருவர் இறந்தார் என்று பதிவாக வேண்டுமானால், அவரை அறிந்த ஒருவர் மரணச் சாட்சியில் கைரேகை வைக்க வேண்டும். உயிரோடிருந்தவர்களைச் செத்ததாக எழுதிச் சொத்தை அமுக்கிய ஒரு கும்பலால் வந்த சட்டம் அது. சாட்சி சொல்ல ஆள் இல்லாதவர் பதிவேட்டில் சாவதே இல்லை. அவருடைய நிழல் போனை எடுத்துக்கொண்டே இருக்கும். மருதாசலம் வாழ்நாள் முழுக்கக் குறுக்கே பேசியவர். நிழலும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. என் சூட்சுமம் இப்படி என்னையே கவிழ்த்துவிட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பி மரணச் சாட்சிப் படிவத்தை எடுத்து மேஜையில் விரித்தேன். நாற்பது நாள் தினமும் பேசியிருக்கிறேன். அவரை அறிந்தவள் என்று சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். கடைசி ஆள் இறந்திருந்தால் அவர் ரேகைக்குப் பதில் மரணச் சாட்சியே போதும்; நான் ரேகை வைத்தால் சங்கிலி முழுமையாகிவிடும், வண்டி பிழைக்கும். அன்று மாலையே அந்த எண் அணைந்துவிடும்.

மணி ஐந்தடித்தது. கூப்பிட்டேன்.

“ஏன் அம்மிணி, குரல் ஒரு மாதிரி இருக்குது? சளி புடிச்சிருச்சா? மிளகு ரசம் வெச்சுக் குடிங்க. வெக்கத் தெரியுமா, அதுவும் பொட்டலத்துலதானா?”

அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அது ஒரு நிரல் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். என் குரல் மாறியிருப்பதை ஒருவர் கவனித்துச் சொல்லி எத்தனை வருடமாயிற்று என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பத்து நாளும் படிவம் மேஜையிலேயே கிடந்தது. தினமும் காலையில் இன்று வைத்துவிடலாம் என்று நினைப்பேன். தினமும் ஐந்து மணிக்கு அவரைக் கூப்பிடுவேன். அவர் வண்டியைப் பற்றிப் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று. அதைச் செய்ய எனக்கு அரை நிமிடம் போதும். தொண்ணூறாம் நாள் மதியம், ‘கடைசிக் கண்ணி கிடைக்கவில்லை’ என்ற அறிக்கையில் ரேகை வைத்தேன். என் கட்டைவிரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. எனக்கு அதுதான் இன்றுவரை அசிங்கமாக இருக்கிறது.

நசுக்கி வேலையை முடிக்க நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. நான் அங்கே போகவில்லை, கணினியில்தான் நேரத்தைப் பார்த்தேன்.

அவரிடம் வண்டியைக் காப்பாற்றிவிட்டதாகச் சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நிழல்கள் அதையும் செய்யும் போலிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு பொய்க்கு அடுத்த பொய் முட்டுக் கொடுத்தது. வண்டியைக் கழுவியாயிற்று. டயர் மாற்றியாயிற்று. கூடத்து ஆட்கள் எஞ்சினைக்கூடச் சரிசெய்துவிட்டார்கள்.

“அப்ப ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் கேக்க வையுங்க” என்றார்.

இரண்டு நாள் தவணை சொன்னேன். ஒலிக் காப்பகத்தில் தேடித் தேடி, பொள்ளாச்சி வேனில் இருந்த அதே கம்பெனி, அதே மாடல், அதே வருடத்து டீசல் எஞ்சின் ஒன்றின் பதிவை எடுத்தேன். மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு, “கேளுங்க” என்று சொல்லிவிட்டு ஓடவிட்டேன். முதலில் இருமல் மாதிரி கிளம்பி, பிறகு சீராக ஓடி, கடைசியில் ஒரு குலுங்கலோடு நின்றது.

“கேட்டுச்சா?” என்றேன்.

“கேட்டுச்சுங்க. நல்ல எஞ்சின்” என்றார். “ஆனா இது என்னோட வண்டி இல்லீங்களே அம்மிணி.”

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சரி, உடுங்க” என்றார். “நாளைக்கும் கூப்புடுவீங்கல்ல?”