தொழில் உறவு என்ற கட்டம்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.50.

காலையில் கம்பத்தில் காயப்போட்ட வலையைக் காணவில்லை. சோமசேகரம் மருமகன் ஜெயரூபனோடு சன்னதிக் கோயிலில் அன்னதானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வெறும் கம்பம்தான் நின்றது. அவர் போட்ட சத்தத்தில் தொண்டைமானாற்றுக் கரையே கூடிவிட்டது. அவர் சம்மாட்டி அல்லவா! வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருப்பவரின் சத்தத்துக்குத் தனி மரியாதை உண்டு.

2.20. சோமசேகரத்தோடு கடலுக்குப் போகும் அற்புதராணியின் வீட்டு வளவில், அவளுடைய காலஞ்சென்ற புருசனின் கவிழ்த்து வைத்த வள்ளத்துக்குக் கீழே வலை அகப்பட்டது. மிதப்புகள் ஒரு பக்கம், ஈயக்குண்டுகள் மறுபக்கமாக நீள நீள மடித்திருந்தது. நடுவில் ஒரு சிக்கும் இல்லை.

பொலிஸ் வருமுன்னே ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது. நாலு மணிக்குக் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம். அற்புதராணியை அங்கத்தவராகச் சேர்ப்பதா இல்லையா என்று அங்கேதான் முடிவெடுப்பார்கள். சேர்ந்தால் புருசனின் வள்ளத்தைத் தன் பேரில் பதிந்து இறக்கலாம். பங்குக்குத் தொழில் செய்பவர் சேரலாம், கூலிக்கு வருபவர் சேர முடியாது என்பது சங்கத்தின் சட்டம். கள்ளி என்று பேர் எடுத்தவளை வாசலிலேயே மறித்துவிடுவார்கள். அதற்கு எழுதி வைத்த சட்டம் தேவையில்லை.

2.45. சார்ஜன்ட் வினோஜா கரவெட்டி வெங்காயத் தோட்டக்காரரின் மகள். வலையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதைச் சொல்லவும் அவள் கூச்சப்படவில்லை. படிவத்தில் "தொழில் உறவு" என்றொரு கட்டம் இருந்தது. அதை முதலில் சோமசேகரத்திடம் கேட்டாள்.

"அற்புதராணி உங்களுக்கு ஆர்?"

"கூலியாள் எண்டு எழுதுங்கோ, மிஸ்."

"களவுக்கு ஆரும் துணை நிண்டிருப்பினமோ?"

"உவளோடை ஆர் சேருவினம்? நான் பாவம் பார்த்துத் தொழில் குடுத்தனான். தனியத்தான் எடுத்திருக்கிறாள்."

ஜெயரூபன் ஆறடி ஆள். பேச்சு மட்டும் குட்டை. அவ உதவிக்கு வாறவ என்றான். பிறகு மாமாவைப் பார்த்துவிட்டு, கூலிக்குத்தான் என்று திருத்தினான். மதியம் முழுக்கக் கோயிலில் நின்றதாக இருவரும் சொன்னார்கள். அவ்வளவு சனத்துக்குள் யார் வந்தார், யார் இடையில் எழும்பிப் போனார் என்று யாருக்குத் தெரியும்?

அற்புதராணி மதியம் வீட்டுக்குள் இருந்து சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறாள். பார்த்த சாட்சி இல்லை. ஆனாலும் அவள் அழவில்லை, கெஞ்சவுமில்லை.

"பங்காளி எண்டு எழுதுங்கோ. மூண்டு வருசமா ஒரே வள்ளத்திலை நிண்டு வலை இழுத்தனான். காத்து அடிக்கேக்கை 'தங்கச்சி, விடாமல் பிடி' எண்டுவார். கரையிலை ஆக்கள் கேட்டால் கூட்டாளி எண்டுவார். சங்கத்திலை பேர் பதியப் போகேக்கை மட்டும் நான் கூலியோ?"

வினோஜா அந்தக் கட்டத்தை எழுதாமல் விட்டாள்.

3.25. அவள் ஒரு தடியை எடுத்து, வலையின் மடிப்பு எவ்வளவு நீளம் என்று அளந்து, தடியில் கத்தியால் கீறி அடையாளம் வைத்தாள். பிறகு வலையை உதறி மணலில் விரித்தாள்.

"தம்பி, எனக்கு உது தெரியாது. எப்பிடி மடிக்கிறதெண்டு ஒருக்காக் காட்டுங்கோ."

ஜெயரூபன் மிதப்புக் கயிற்றைத் தூக்கினான். மறுபக்கக் கயிற்றைப் பிடிக்க ஆளில்லாமல் அப்படியே நின்றான். கூட்டத்தோடு பேசிக்கொண்டிருந்த சோமசேகரம் பேச்சை நிறுத்தாமலே குனிந்து ஈயக் கயிற்றை எடுத்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. இருவரும் கையை அகல விரித்து மடித்துக்கொண்டே வந்தார்கள். பாதியில்தான் சோமசேகரத்தின் வாய் நின்றது. கை பிறகும் மடித்தது.

வினோஜா தடியைப் புது மடிப்பில் வைத்தாள். கீறல் சரியாக நின்றது. அற்புதராணியைக் கூப்பிட்டுக் கைகளை விரிக்கச் சொன்னாள். அவள் கட்டையான பெண். தடியின் கீறலுக்கு ஒரு சாண் குறைந்தது.

"கம்பத்திலை கிடந்த வலையைத் தனிய எடுக்கிறவள் அள்ளிச் சுருட்டிக்கொண்டு ஓடுவாள்," என்றாள் வினோஜா. "உப்பிடி மடிக்க ரெண்டு பேர் வேணும், கையும் நீளமா இருக்கவேணும். பழி போட எடுத்த வலையைக்கூடச் சிக்காக்க உங்களுக்கு மனம் வரேல்லை, ஐயா. அதாலைதான் பிடிபட்டியள்."

ஜெயரூபன் மணலைப் பார்த்தபடி, மாமா கூப்பிட்டார், வந்தேன் என்றான். சோமசேகரம் கயிற்றைக் கீழே போட்டார்.

"உவள் தன்ரை வள்ளத்தை இறக்கினால் நான் ஆரோடை தொழிலுக்குப் போறது? மருமோனை மட்டும் நம்பி வலை இழுக்கேலுமோ?"

"அதை நேற்று என்னட்டைக் கேட்டிருக்கலாம், அண்ணை," என்றாள் அற்புதராணி. "கள்ளியெண்டு ஊரைக் கூட்டிப்போட்டுக் கேக்கிறியள்."

வினோஜா புதிய படிவம் எடுத்தாள். சோமசேகரம், ஜெயரூபன் இருவரின் பேரையும் எழுதி, தொழில் உறவு என்ற கட்டத்தில் "கூட்டாளிகள்" என்று நிரப்பினாள். அந்தச் சொல்லில் பிழை பிடிக்க இருவராலும் முடியவில்லை.

4.00. சங்க மண்டபத்தில் எல்லோரும் திடீரென்று அற்புதராணிக்குக் கதிரை இழுத்துப் போட்டார்கள். அரை மணிக்கு முன் கள்ளி என்ற அதே வாய்கள் இப்போது அக்கா என்றன. ஒருவரும் எதிர்க்கவில்லை. செயலாளர் பதிவேட்டைத் திறந்து, "பங்காளி எண்டு போடட்டோ, பிள்ளை?" என்று அன்பாகக் கேட்டார்.

"விண்ணப்பத்திலை அப்பிடித்தான் எழுதினனான். அதை வெட்டுங்கோ," என்றாள் அவள். "வள்ளம் என்ரை. சம்மாட்டி எண்டு எழுதுங்கோ."

செயலாளரின் பேனை நின்றது. மண்டபத்தில் யாரோ செருமினார்கள். அற்புதராணி எழுந்து மேசைக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"பேனையைத் தாங்கோ. நானே எழுதிறன்."