வலித்தால் கையைத் தூக்குங்கள்

"அப்போ போன தடவை சொன்னது?"

"போன தடவை, மூணு வாட்டி லைட் வெச்சா போதும்னு சொன்னேன். சிலருக்குப் போதும். சிலருக்கு..."

"சிலருக்கு என்ன டாக்டர்?"

"வாயைத் திறங்கம்மா."

திறந்தாள். அவளுடைய கேள்விகளுக்கெல்லாம் கடைசியில் கிடைக்கும் பதில் இதுதான். திறந்த வாயால் கேள்வி கேட்க முடியாது.

தையல்காரி அவள். நூலைக் கத்தரியால் வெட்டாமல் பல்லால் கடித்தே பழகியவள். கீழ்வரிசை முன்பற்கள் இரண்டும் இப்போது நாக்கு பட்டாலே ஆடின. காலையில் தலையணை உறையில் ரத்தம். எச்.ஐ.வி. மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. ரத்தத்தில் கிருமி தென்படவே இல்லை என்று அதற்குப் பார்க்கும் டாக்டர் கைகுலுக்கிப் பாராட்டியிருந்தார். ஆனால் பல் டாக்டர்கள் மூன்று பேர், அவளுடைய ஃபைலின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே மெஷின் ரிப்பேர் என்றார்கள். "மூணு மெஷினுக்கும் ஒரே வியாதி பாரேன்," என்று அண்ணன் சிரித்தான். அவன்தான் அலைந்து திரிந்து இந்த இடத்தைக் கண்டுபிடித்தான். இங்கே யாரும் விரட்டவில்லை. எல்லாரும் போன பிறகு கடைசி ஆளாகக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். உதவிக்கு நிற்கும் பெண் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம் போட்டிருப்பாள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் டபுள் மாஸ்க்.

உதடுகளை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை டபுள் மாஸ்க் எடுத்து வருவதற்குள் அவள் அவசரமாகச் சொன்னாள்.

"டாக்டர், லைட் படும்போது உள்ள என்னவோ தள்ளித் தள்ளிப் போகுது. ஒளிஞ்சுக்கிற மாதிரி. போன தடவையே சொன்னேன்."

"பல் கூச்சம்மா அது. எல்லாருக்கும் இருக்கும்."

"கூச்சம் எனக்குத் தெரியாதா? இது வேற."

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடறேன்."

போன முறையும் இதையேதான் சொன்னார். கையைத் தூக்கினாள். "அவ்ளோதான், முடிஞ்சிருச்சு" என்றபடியே தொடர்ந்தார்.

வளையம் மாட்டியாயிற்று. கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஈறின் ஆழத்தை அளந்தார். "நாலு. நாலு. அஞ்சு." முன்பற்களுக்கு வந்ததும் எண் வரவில்லை. கம்பி உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வலியே இல்லாமல், ஊசி பஞ்சுக்குள் இறங்குவதுபோல. டபுள் மாஸ்க் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"எவ்ளோ டாக்டர்?"

"அப்புறம் எழுதிக்கலாம்."

என்ன அப்புறம்? அவளுக்கு ஆத்திரமாக வந்தது. என் வாய், எனக்குச் சொல்லக் கூடாதா? "ஆ," என்றாள். யாரும் திரும்பவில்லை.

பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் நீலச்சாயம் சில்லென்று இறங்கியது. ஈறுக்குள் இருக்கும் கிருமிகள் அந்தச் சாயத்தைக் குடிக்கும். பிறகு சிவப்பு வெளிச்சத்தைப் பாய்ச்சினால் செத்துப்போகும். இன்னொரு மாத்திரை வேண்டாம். அதற்காகத்தான் இத்தனை பொறுமையும். எல்லாருடைய கண்ணிலும் பச்சைக் கண்ணாடி ஏறியது. அதைப் போட்டுக்கொண்டால் சிவப்பு கண்ணுக்கே தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அறை விளக்கு அணைந்தது. மூலையில் ஒரு சின்ன விளக்கு மட்டும். கிராம்பு எண்ணெயும் ரப்பரும் இரும்பு போன்ற தன் ரத்தமும் கலந்து மணக்க, எச்சிலை உறிஞ்சும் குழாய் தொண்டையோரம் கரகரக்க, தலைக்கு மேலிருந்த அணைந்த விளக்கின் பளபளப்பான மூடியில் அவள் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்ற இரண்டு முறையும் அது வெறும் கறுப்புக் குழியாகத்தான் தெரிந்தது.

இன்று சிவப்பாக இருந்தது.

கண்ணாடி சரியில்லையோ என்று இமைகளை இறுக்கிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மெஷினில் எரிந்த சிவப்புப் பொத்தான்கூடத் தெரியவில்லை. வாய் மட்டும் தெரிந்தது. உள்ளே அந்த ஊர்தல் தொடங்கியது. ஆனால் இந்த முறை அது விலகிப் போகவில்லை. வெளிச்சத்தை நோக்கி மேலே வந்தது.

இடது கையைத் தூக்கினாள்.

"அவ்ளோதான், முடிஞ்..."

டாக்டர் பாதியில் நின்றார். லைட்டின் முனையை வெளியே எடுத்தார். டிக். மெஷின் அடங்கியது. இரைச்சல் நின்றது.

சிவப்பு நிற்கவில்லை.

அவர் தன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். மூச்சு முகக்கவசத்துக்குள் ஏறி இறங்கியது. "ஒரு நிமிஷம்மா," என்றார், இதுவரை அவளிடம் பேசியிராத மெல்லிய குரலில். டபுள் மாஸ்க் அவருக்கு முன்பே கதவருகே போயிருந்தாள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே அண்ணன் ஃபோனில் யாரிடமோ பேசிச் சிரிப்பது கேட்டது.

"ண்ணா," என்று கத்தினாள். வளையத்தைத் தாண்டி வெறும் காற்றுதான் வந்தது. வலது கையால் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். வழுக்கியது. எச்சில். ரத்தம். மறுபடி வழுக்கியது.

கீழ்த்தாடையில் ஏதோ அறுந்தது.

அவளுக்கு அந்த உணர்வு நன்றாகத் தெரியும். தப்பாகத் தைத்ததைப் பிரிப்பாளே, அது. ஒரு தையல். அடுத்த தையல். நிதானமாக. பழகின கை.

வலி இல்லை.

மேலே, மூடியில், முன்பற்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. கதவு திறப்பதுபோல. நடுவே சிவப்பு. சிவப்புக்கு நடுவே, சாயம் குடித்துக் கறுத்த ஏதோ ஒன்று பல்லின் ஓரத்தைப் பிடித்தது. உள்ளேயிருந்து. கதவோரத்தைப் பிடிப்பதுபோல.

தூக்கிய இடது கை அப்படியே நின்றது. காலி அறை. குழாயின் கரகரப்பு.

தாடைக்குள்ளிருந்து டாக்டரின் குரல் வந்தது. டாக்டரிடம் ஒருநாளும் இல்லாத பொறுமையோடு.

"கையைப் பார்த்துட்டேன்மா. இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்க."