வல்ச்சோவுக்கு வைத்த கண்கள்

கண்மணியில் ஜன்னல் தெரியவில்லை.

நெத்யால்கா மவுஸின் சக்கரத்தை இன்னும் கொஞ்சம் உருட்டினாள். திரை முழுக்க அவள் புருஷன் ஸ்பாஸின் இடது கண் விரிந்தது. காலமெல்லாம் சுரங்கத்தில் கிடந்ததில் இமையோரத்துத் தோலுக்குள் ஏறிப்போன நிலக்கரித் தூள், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு. அவனைச் சமையலறை ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்து அன்று காலையில் எடுத்த படம் அது. வேறொரு வேலைக்காக அவன் காதும் காலரும்தான் அவளுக்குத் தேவை. கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தது வெறும் பழக்கத்தில். ஜன்னலின் நாலு சதுரமும், அதற்கு முன்னால் கேமராவும் கையுமாக நின்ற அவளும் பொட்டளவில் அதில் விழுந்திருக்க வேண்டும். விழுந்திருந்தது வேறு. ஈரமண் தரை. அதில் நட்டுவைத்ததுபோல் கறுப்பாக ஏதோ வரிசை வரிசையாக.

கேமராக் கோளாறு என்று சொல்லிக்கொண்டாள். அடுப்பில் அவரை சூப் கொதிக்கும் வாசனை வந்தது. பின்னறையில் ஸ்பாஸ் இருமினான். ஊரில் அந்த வயது ஆண்கள் எல்லோருக்கும் இருக்கிற அதே இருமல்தான்.

கேமராவை அவள் தொட்டதே அந்த இலையுதிர் காலத்தில்தான். பண்பாட்டு மன்றத்தில் ஊர்ப் படக்காரர்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்தார்கள். நெத்யால்காவைப் போல் கல்லறைக் கல்லில் பதிக்கிற பீங்கானில் முகம் வரைகிறவர்கள், தேவாலயச் சுவரில் வரைகிறவர்கள், சந்தையில் போகிறவர் வருகிறவரைப் பிடித்து வரைகிறவர்கள். தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த ராதோஸ்தினா என்கிற பெண்தான் சொல்லிக்கொடுத்தாள்.

"ஃபிளாஷ் போடாதீங்க, மூஞ்சி தட்டையாப் போயிரும். ஜன்னல் வெளிச்சம் போதும். அப்புறம் கண்ணப் பெருசாக்கிப் பாருங்க. எதிர்ல என்ன இருந்துச்சோ அது அதுல விழுந்திருக்கும். வெள்ளப் புள்ளிய எங்க வைக்கணும்னு அதுலயே தெரிஞ்சிரும்."

"எங்க ஆளுங்களுக்கு எதிர்ல நிக்கிறது பாதிரியார்தாம்மா," என்றான் தினோ. நெத்யால்காவின் பட்டறையில் கல்லில் எழுத்து வெட்டுகிறவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே வல்ச்சோவின் முகம் வரைகிற வேலை வந்தது. சுரங்கத்தில் கூரை இறங்கிச் செத்தவன். அவன் பெண்டாட்டி கெர்கினா கொண்டுவந்த ஒரே படம் சுரங்க அடையாள அட்டையில் இருந்தது, நகத்தளவு. அதுவும் தண்ணீரில் ஊறி, மூக்குக்கு மேலே வெறும் மூட்டம்.

"போட்டோன்னா ஓடிருவான்டி அந்த மனுஷன். நாப்பதாம் நாளுக்குள்ள முடிச்சிரு. மொகமில்லாத கல்லு முன்னால நின்னு நான் என்னத்த அழுறது?"

இப்படிப்பட்ட படத்துக்குப் பட்டறையில் ஒரு வழி உண்டு. காது, காலர், தாடை எல்லாம் உயிரோடிருக்கிற யாரிடமிருந்தாவது கடன் வாங்குவார்கள். தினோவின் டை பாதி இடுகாட்டின் கழுத்தில் தொங்குகிறது. கண்ணை மட்டும் யாரும் வாங்கியதில்லை. தொப்பி நிழலில் மறைத்துவிடுவார்கள். கூடாது என்று எவரும் சொன்னதில்லை. வரைந்து முடிக்கிறவரை கண்ணை அசைக்காமல் எந்த மனுஷனும் உட்காரமாட்டான், அவ்வளவுதான் காரணம். கேமரா வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஸ்பாஸுக்கும் வல்ச்சோ வயதுதான், அதே சுரங்கம், இமையில் அதே கறுப்பு. அவனை ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்தாள்.

"உசுரோட இருக்கும்போதே என்னக் கல்லுல ஏத்துறியாடி?"

"கண்ண மட்டுந்தான்."

"மிச்சத்தக் கேட்டு எவளும் வரலியா?"

சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள். தன் கையால் வரைந்த கண்களில் அவ்வளவு உயிர் இருந்து அவள் பார்த்ததில்லை. சூளையில் சுட்டு எடுத்ததும் நிறம் பீங்கானோடு பீங்கானாக இறுகிவிட்டது. நாற்பதாம் நாள் சடங்கில் வேகவைத்த கோதுமையும் சர்க்கரையும் கையில் வாங்கிக்கொண்டு கல்லறை முன்னால் நின்றபோது கெர்கினா அவள் காதோடு சொன்னாள்.

"நெத்யா, இந்த மனுஷன் இருந்தவரைக்கும் என் மூஞ்சியப் பாத்ததில்ல, சோத்துத் தட்டத்தான் பாப்பான். இப்ப எந்தப் பக்கம் போனாலும் பாக்குறான்டி."

அது பாராட்டு என்றுதான் நெத்யால்கா எடுத்துக்கொண்டாள்.

கணினியை விட்டு எழுந்து, சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி ஸ்பாஸைக் கூப்பிட்டாள். அவன் சுவரைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கரண்டி கிண்ணத்துக்குப் பக்கத்தில் மேசையில் இடித்தது. சரிசெய்துகொண்டு இரண்டு வாய் குடித்தான்.

"மெழுகுவத்தி யாரு கொளுத்துனது?"

வீட்டில் மெழுகுவத்தி ஏதும் எரியவில்லை. மேலே குழல்விளக்கு ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"கெர்கினா பச்ச சால்வை வாங்கிருக்கா. அவளுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றான் அவன், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"எங்க பாத்த அவள?"

"இந்தா, இப்பத்தான்." கையை எதிரே நீட்டினான். அங்கே குளிர்பெட்டிதான் இருந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் முகம் மெல்ல மாறியது. பிய்த்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

மறுநாள் ரொட்டிக்கடை வரிசையில் கெர்கினா நின்றிருந்தாள். பச்சை சால்வை, ஓரத்தில் கடைச்சீட்டின் நூல்கூட அறுக்காமல். "நேத்து சாயங்காலந்தான் கட்டுனேன். கட்டுனதும் நேரா கல்லறைக்குப் போயி அந்த மனுஷன்கிட்டத்தான் காட்டுனேன்," என்றாள்.

நெத்யால்கா ரொட்டி வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். முந்தின நாள் படத்தை மறுபடி திறந்து, சக்கரத்தை உருட்டிக்கொண்டே போனாள். கண்மணி சிதறிச் சின்னச் சின்னக் கட்டங்களாகிற வரை. கறுப்பாக நின்றவை சிலுவைகள். ஓரத்தில் யாரோ குனிந்து கல்லைத் துடைக்கிற முதுகு. கணினியை அணைத்துவிட்டு, இருட்டுத் திரையில் தன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அன்று ராத்திரி பனி விழுந்தது. சத்தமில்லாமல், நிறைய. விடிந்தபோது ஸ்பாஸ் கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தான்.

"நெத்யா. எல்லாம் வெள்ளையா இருக்கு. ஒண்ணுமே தெரியல."

டாக்டர் திங்கட்கிழமை வரச்சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். திங்கட்கிழமைவரை காத்திருக்கத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பனி மூடியிருப்பது எதை என்றும் தெரிந்தது. அவன் கையில் கோப்பையைப் பிடிக்கவைத்து, மடியில் தொலைபேசியை வைத்து, "நான் கூப்பிட்டா எடு," என்று சொல்லிவிட்டு, உளியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு இடுகாட்டு மேட்டுக்கு நடந்தாள்.

முழங்கால்வரை பனி. மேட்டில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. வீடுகளின் புகைபோக்கிகளிலிருந்து இறங்கிய நிலக்கரிப் புகை அவளோடு பாதித் தூரம் வந்து நின்றுவிட்டது. அதற்கப்பால் வாசனையே இல்லாத குளிர். காலை வெளிச்சம் பனியிலிருந்து வருகிறதா வானத்திலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. பூட்ஸ் அழுந்துகிற ஒலி மட்டும். நின்றால் அதுவும் நின்றது. வழியெல்லாம் ஒரே கணக்கு அவள் தலைக்குள் ஓடியது. பனியைத் துடைத்தால் அவனுக்குப் பார்வை வரும். அதற்குமேல்? பீங்கானைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கையில் விரிசல் விட்டால்? அந்தக் கண்களை உளியால் சுரண்டினால்?

வல்ச்சோவின் கல் உச்சிவரை மூடிக் கிடந்தது. கையுறையைக் கழற்றினாள். வெறும் விரலால் துடைத்தாள். தொப்பி. நெற்றி. கண்கள்.

ஸ்பாஸின் கண்கள் அவளைப் பார்த்தன.

தொலைபேசியை எடுத்தாள். இரண்டாவது தடவை மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"தெரியுதா?"

மூச்சிரைப்பு. பிறகு: "தெரியுது. உன்னத் தெரியுது. மூக்கு செவந்திருக்கு. தொப்பிகூடப் போடாமப் போயிருக்க, கழுத."

அவள் அழுதுவிட்டாள். நெற்றியைக் கல்லில் சாய்த்துக்கொண்டாள். "பயப்படாத. இதப் பெயத்து எடுத்துட்டு வந்துர்றேன். நம்ம வீட்டுலயே வச்சிக்கலாம்."

"சரி," என்றான். கோப்பை தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

"ஸ்பாஸ்?"

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல. நான் மட்டுந்தான்."

"உன் தோளுக்குப் பின்னால."

பனி அழுந்துகிற ஒலி. அவள் நகரவில்லை.

"ஸ்பாஸ், யாரு?"

"வல்ச்சோவோட தாடை." அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. "வல்ச்சோ சட்ட. ஆனா மூக்குக்கு மேல ஒண்ணுமில்ல, நெத்யா. வழுவழுன்னு இருக்கு. கண்ணே இல்ல அவனுக்கு."

காற்று இல்லை. ஆனாலும் ஏதோ வாசனை வந்தது. ஈரக் கரி. ஆழத்தில் அடைபட்டுக் கிடந்த காற்று.

"ஓடு."

கால் வரவில்லை.

"நெத்யா, கையத் தூக்குறான். காத்தத் தடவுறான். தேடுறான்."

முடியில் ஏதோ பட்டது. மெதுவாக. காது. காலர். தாடை. விரல்கள் ஒவ்வொன்றாகத் தொட்டு, இது இல்லை என்பதுபோல் விட்டுவிட்டு மேலே ஏறின. தொலைபேசி கையிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தது.

கன்னம். மூக்கின் தண்டு.

அங்கே நின்றன. பிறகு கரடுமுரடான இரண்டு பெருவிரல்கள், உறையவைக்கும் குளிரோடு, மிகவும் பதமாக, அவள் மூடிய இமைகளின் மேல் வந்து உட்கார்ந்தன. கண்டுபிடித்துவிட்ட ஆளின் நிதானத்தோடு அழுத்தத் தொடங்கின.

பனிக்குள்ளிருந்து ஸ்பாஸின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"என்னால கண்ண மூட முடியல, நெத்யா. மூட முடியல."