பிள்ளைக்காம்பரா

மழை விட்டிருந்த அந்த மாலையில், குண்டசாலையில் அன்ரனியின் வீட்டுக் கொடியில் ஒரு நெப்பித் துணி ஆடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் குழந்தை கிடையாது. மகள் ஷாமலாவுக்கு இது ஏழாம் மாதம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, மடு மாதாவுக்கு நேர்ந்து கிடைத்த கரு. பிறக்கும் முன் பிள்ளைக்கென்று ஒரு நூல்கூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று அன்ரனியே சட்டம் போட்டிருந்தார். துணியைத் தொட்டார். பழைய சேலைக் கிழிசல். அதன் ஈரம் வெதுவெதுவென்று இருந்தது.

"அங்கம்மா! யார் வீட்டுத் துணி இது?"

மகளுக்குத் துணையாகப் போன வாரம் வேலைக்கு வந்தவள் கரண்டியோடு குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுதுதாங்கய்யா. புள்ளைங்க நனைச்சா தொவைக்கணுமில்ல?"

"எந்தப் புள்ளைங்க?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே." சிரித்தாள். "நீங்க ஏத்திவிட்ட லொறியில நானும் இருந்தேன்."

அன்ரனி துணியிலிருந்து கையை எடுத்தார். இளவயதில் அவர் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடும்ப நல உத்தியோகத்தர். பஸ் ஏறாத மலை உச்சி. அது தனி நாடு, அதற்குச் சனத்தொகை மந்திரி தான்தான் என்று கூட்டாளிகளிடம் பீற்றுவார். நாடு நிரம்பி வழிகிறதே என்று மிகவும் கவலைப்பட்டு, காய்ச்சல் ஊசி என்று சொல்லிப் பெண்களைக் கொழுந்து லொறியில் ஏற்றிக் கருத்தடை ஆபரேஷனுக்கு அனுப்பினார். பெற்றவள், பெறாதவள் என்று பாரபட்சம் காட்டவில்லை. மந்திரி நேர்மையானவர். தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போகும் பிள்ளைக்காம்பராவில் சில வருடங்களிலேயே ஆடு கட்டினார்கள். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

"அப்ப எனக்குக் கல்யாணமாகி ஒரு மாசங்கய்யா."

"இப்பவே ஊருக்குப் போ. இந்த வீட்டுல நிக்காத."

"நான் போயிருவேன்." சேலை முந்தானையை இழுத்துச் சொருகினாள். "அதுங்க போகாதே."

அவள் போனதும் கேற்றைப் பூட்டினார். கொடியை நிமிர்ந்து பார்க்காமல், செபமாலையை விரல்களில் உருட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தபோது, சுட்ட வசம்பின் வாசனையும் புளித்த தாய்ப்பாலின் வாசனையும் ஒன்றாகக் கலந்து, ஈரச் சுவரிலிருந்து கசிவதுபோல் முகத்தில் வந்து அப்பின. ஹோலில் லைட் எரியவில்லை. சுவிட்சைத் தட்டினார். கரண்ட் இல்லை. மேலே எங்கேயோ, பாரம் தாங்கிய கயிறு மரத்தில் உரசும் சத்தம் மெதுவாகக் கேட்டது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. பிறகு குசினிப் பக்கம்.

"ஷாமலா?"



ஒரு எட்டு வைத்தார். நெற்றியில் துணி இடித்தது. கனமான துணி. உள்ளே ஏதோ புரண்டது.

கண் இருட்டுக்குப் பழகியது.

தொட்டில்கள். கூரை மரம் எல்லாவற்றிலும் சேலைத் தொட்டில்கள். வாசல் வரை. அறைக்குள்ளும். எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன.

நடுவில் ஷாமலா நின்றாள். வயிறு தட்டையாக இருந்தது.

"பொறந்திருச்சுப்பா," என்றாள், அழுகையும் இல்லாமல் வலியும் இல்லாமல். "இதுல ஒண்ணுலதான் போட்டேன். எதுன்னு தெரியல."

"மகளே, வெளிய வா. வா!"

"ஒண்ணைத்தான் எடுக்கலாமாம். மத்ததைத் திருப்பி அனுப்பணுமாம்." அவர் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஐஸாகக் குளிர்ந்தன. "எது இருக்கணும், எது போகணும்னு உங்களுக்குத்தான் தெரியுமாமே. அங்கம்மாக்கா சொன்னாங்க. சொல்லுங்கப்பா. எது என்னுது?"

கயிறுகளின் சத்தம் நின்றது.

ஆட்டமும் நின்றது.

ஒவ்வொரு துணி மடிப்பிலிருந்தும், ஒரே நேரத்தில், ஒரு சின்னக் கை மேலே உயர்ந்தது.