நூற்று ஐம்பத்தொன்றால் வகுத்தால்

"ஏங்க, மாடி வராந்தா சுவத்துல யாரு கணக்குப் போட்டு வெச்சது? கண்டிப்பா நீங்க இல்ல. கையெழுத்து அழகா இருக்கு." மனைவி சிரித்துக்கொண்டே துணி எடுக்கக் கீழே இறங்கினாள்.

பூட்டு நிறுவனத்தின் கணித மேலாளர் எட்டிப் பார்த்தார். சாக்பீஸில் 3215031751. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் மீதி ஒன்று என்று எழுதியிருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. எழுத்துகளிலிருந்து ஆற்று நீரின் வாடை வந்தது.

அவர் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

அந்தப் பூட்டும் அதே எண்ணில் செய்ததுதான். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண் என்று அவர் கையெழுத்திட்ட எண். வகுக்கும் எண் கிடைத்தவருக்குப் பூட்டு திறந்துவிடும்.

கையெழுத்திட்ட அன்று உதவியாளப் பெண் மட்டும் தயங்கி நின்றாள். "சார், நாலு குறுக்குவழிச் சோதனையில தேறினதால மட்டும் பகா எண்ணுன்னு சொல்லிட முடியாது. ஒரு நாள் குடுங்க, வகுத்துப் பாத்துடறேன்."

"வகுத்தல் கணக்குப் போட இது என்ன மூணாங்கிளாஸாம்மா?"

அறையே சிரித்தது. ஒரு நாற்காலியை நகர்த்தி, 'உட்காரும்மா, சொல்லு' என்றிருந்தால் போதும். அவ்வளவு சின்னக் கருணைக்குக்கூட அவருக்கு மனம் வரவில்லை. பூட்டுகள் திறந்து திருட்டுகள் நடந்த பிறகு அவரே தனியாக வகுத்துப் பார்த்தார். நூற்று ஐம்பத்தொன்று. மீதி இல்லை. அதை மறைத்து, எண்ணை வெளியே விற்றவள் அவள்தான் என்றார். வேலையும் மானமும் போனவள் ஆற்றில் இறங்கினாள்.

வெளியே சாக்பீஸ் உரசியது. சுவரில் தொடங்கிய அந்தச் சத்தம், ஈரக் கையால் அழிப்பதும் மறுபடி எழுதுவதுமாக, அவசரமே இல்லாமல், வகுத்து முடித்த ஒவ்வொரு எண்ணையும் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே கதவை நோக்கி நகர்ந்து வந்தது.

"எண்பத்தொன்பது... மீதி இருக்கு சார்."

மனைவியைக் கூப்பிட்டார். ஜன்னலுக்கு ஓடினார். ஜன்னலில் இரும்புக் கம்பிகள்.

"நூத்தி முப்பத்தொன்பது... மீதி இருக்கு சார்."

இப்போது கதவின் மீதே எழுதும் சத்தம். மரத்தின் இடுக்கில் நீர் கசிந்தது. கடவுளே என்றார். பிறகு, வாழ்நாளில் முதல் முறையாக, ஒரு நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார்.

"உட்காரும்மா. சொல்லும்மா. நான் கேக்கறேன்."

உரசல் நின்றது.

"நூத்தி நாப்பத்தொன்பது. மீதி இருக்கு சார்."

மீண்டும் உரசல். மெதுவாக. நீளமாக.

அடுத்த எண்ணை அவள் சொல்லவில்லை.

பூட்டு திறந்தது.

யாரும் இல்லை. ஈரச் சுவடுகள் மட்டும். உள்ளே வந்தன. நாற்காலியைத் தாண்டின. அது காலியாகவே இருந்தது.

அவர் எதிரில் நின்றன.

சில்லென்ற சாக்பீஸ் முனை அவர் நெற்றியின் நடுவில் பட்டு, மூக்கு, தொண்டை, நெஞ்சு என்று நேராகக் கீழே ஒரு கோடு இழுக்கத் தொடங்கியது.